காய்ந்த மிளகில் ஊற்றிய சுடுதண்ணீர்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, பதினான்கு வயதில் லொறியில் கிளீனராக ஏறி, இன்று மாத்தளை டவுனில் சொந்தமாக மிளகு ஸ்டோர் வைத்திருக்கிறேன். எவரும் எனக்குக் கை கொடுத்ததில்லை. ஒரு பிடி மிளகை அள்ளினால் போதும், அது பல்லேபொலவில் இந்த வருடம் பறித்ததா, பழையதோடு கலந்ததா என்று சொல்லிவிடுவேன். படித்த பிள்ளைகள் மிசின் வைத்து அளப்பதை நான் பல்லால் கடித்துச் சொல்வேன். இந்த நிலைக்கு நான் வந்தது பாதி உழைப்பால், பாதி எவரையும் நம்பாததால்.

என் டிரைவரையும் நான் நம்பவில்லை. அப்போது அவன் என்னிடம் சேர்ந்து ஒன்பது வருடம். கல்யாணமானவன், ஒரு பெண் பிள்ளை. குடிக்க மாட்டான், பொய்க்கணக்குச் சொல்ல மாட்டான். குறையே இல்லாத ஆளைக் கண்டால்தான் எனக்கு உள்ளே உறுத்தும். தினமும் காலை எட்டு மணிக்கு அவன் போன் கத்தும். எடுத்துப் பேச மாட்டான். நிறுத்திவிட்டு லொறிக்கு அந்தப் பக்கம் போய்விடுவான். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் லீவு கேட்பான்.

"கண்டிக்குப் போகணும் மொதலாளி."

"என்ன வேலை?"

"சின்ன வேலை."

அலுவிகாரைப் பக்கம் இன்னொரு மிளகு வியாபாரி முளைத்திருந்தான். என் விலையை இவன் அவனுக்குச் சொல்கிறான், எட்டு மணிப் போன் அதற்குச் சாடை என்று முடிவு கட்டினேன். அடுத்த லீவில் பின்னாலேயே போனேன். பஸ்ஸில் ஒரே நெரிசல். அவன் முன் வாசலால் ஏற, நான் பின் வாசலால் ஏறினேன். கண்டியில் இறங்கியவன் எந்த வியாபாரியையும் சந்திக்கவில்லை. ஓரமாக இருந்த ஒரு கிளினிக்குக்குள் நுழைந்தான். வாசலில் இருந்த பலகையை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினேன். 'எயிட்ஸ்' என்ற சொல்லைக் கூட்டாமலே வாசித்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஆறு சாக்கு மிளகுதான் ஞாபகத்தில் நின்றது. எங்கள் பக்கம் பறித்த மிளகைக் குவித்து, காலால் மிதித்துத்தான் கொத்திலிருந்து உதிர்ப்போம். பிறகு கொதிநீரில் ஒரு முக்கு முக்கி வெயிலில் காயவைப்போம். இரண்டு வாரத்துக்கு முன் ஆள் குறைந்ததால் டிரைவரும் இறங்கி மிதித்தான். அவன் குதிகால் வெடிப்பில் ரத்தம் கசிந்ததை நானே பார்த்தேன். அந்த மிளகு காய்ந்து, சாக்கில் கட்டி, ஸ்டோரில் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் பெரிய கிடாரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்தேன். சாக்குகளை அவிழ்த்து, தரையில் விரித்த படங்கில் கொட்டி, கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். மனைவி ஓடிவந்தாள்.

"என்னங்க செய்றீங்க? காஞ்ச மொளகுல யாராவது தண்ணி ஊத்துவாங்களா?"

"பூச்சி வுழுந்திருக்கு."

"இத்தன வருஷத்துல வுழாத பூச்சியா? ஒங்க மண்டையிலதான் என்னமோ வுழுந்திருக்கு!"

அன்று பிடித்த மழை நான்கு நாள் விடவில்லை. இன்னொரு படங்கைப் போட்டு மூடியும் மிளகு முழுதும் பூஞ்சணம் பூத்தது. ஐந்தாம் நாள் டிரைவர் படங்கைத் தூக்கிப் பார்த்தான்.

"இதுல யாரு தண்ணி ஊத்துனது?"

"நான்தான்."

ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தான். "மொதலாளி, நீங்க கனவுல கூட காஞ்ச மொளகை நனைக்கிற ஆளில்ல. இந்த ஆறு சாக்கும் நான் மிதிச்சது." குரல் இறங்கிவிட்டது. "கண்டியில என்னைப் பாத்துட்டீங்க."

அவன் லொறிச் சாவியைத் தராசுத் தட்டில் வைத்தான். "வேலையை விட்டு நிப்பாட்டுங்க, பரவால்ல. காரணத்தை மட்டும் வெளியில சொல்லிறாதீங்க. எம் புள்ள ஸ்கூலுக்குப் போறா."

"எனக்கு என்னத்தைடா மறைச்ச? ஒன் வாயால சொன்னா நான் நம்ப மாட்டேன். டொக்டர் சொல்லணும்."

"வாங்க. எனக்கும் அதுதான் வேணும்."

எனக்கு லைசன்ஸ் கிடையாது. வேலை போன அவனேதான் லொறியை ஓட்டிக்கொண்டு போனான்.

கிளினிக்கில் இருந்த டொக்டரம்மா தமிழ் பேசுகிறவர். அவனுடைய சம்மதத்தை இரண்டு தரம் கேட்ட பிறகுதான் என்னிடம் வாய் திறந்தார். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"எயிட்ஸ் இல்ல ஐயா, எச்.ஐ.வி. தொற்று. மருந்து ஒழுங்கா எடுத்தா எயிட்ஸ் நிலைக்குப் போகாது. தெனம் ஒரே நேரத்துல ஒரு குளிசை. இவரு ஒரு நாளும் தவறவிட்டதில்ல. ரத்தத்துல கிருமி பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்கு அடங்கியிருக்கு. அப்படி இருக்கிற வரைக்கும் சம்சாரத்துக்கும் உறவால தொத்தாது. அவங்களையும் சோதிச்சுப் பாத்தோம், தொற்று இல்ல."

"அப்ப சுகமாயிட்டானா?"

"இல்ல. குளிசையை நிப்பாட்டினா கிருமி திரும்பக் கெளம்பிரும்."

எட்டு மணிக்குப் போன் ஏன் கத்துகிறது என்று அப்போதுதான் புரிந்தது. நான் லேசில் விடவில்லை. வேர்வையில் வருமா? ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தால்? கொசு கடித்தால்? எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். ஆணுறை இல்லாத உறவு, ஊசியை மாற்றி மாற்றிக் குத்துவது, தொற்றுள்ள ரத்தம் உடம்புக்குள் ஏறுவது, மருந்து எடுக்காத தாயிடமிருந்து பிள்ளைக்கு, வழி இவ்வளவுதானாம். ஆபத்து நடந்துவிட்டால் மூன்று நாளுக்குள் ஓடிவர வேண்டுமாம், தடுக்க மருந்து உண்டாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லதாம்.

"இவனுக்கு எப்படி வந்துச்சு?"

"அது ஒங்களுக்குத் தேவையில்லாத கேள்வி."

கடைசியாக மிளகுக் கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அந்தக் கிருமி வெளியில நெலச்சு நிக்காது ஐயா. அதுவும் நீங்க முதல்லயே கொதி தண்ணியில முக்கி, வெயில்ல காய வச்ச மொளகுல எப்படி இருக்கும்?"

மிளகில் பழம் தின்று கொட்டை போட்டவன் நான். மிளகை ரசத்தில் மட்டும் பார்த்திருக்கும் ஒருவர் எனக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதாயிற்று.

எழுந்திருக்கப் போனேன். "நீங்க எப்பவாவது ரத்தம் சோதிச்சுப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"எனக்கு எதுக்கு? நான் என்ன அப்படிப்பட்ட ஆளா?"

"அப்படிப்பட்ட ஆளுன்னு தனியா யாரும் இல்ல. பத்து வருஷம் லொறியில ஊர் ஊராத் திரிஞ்சேன்னு இப்பதானே பெருமையாச் சொன்னீங்க?"

டிரைவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிரிப்பில் அவன் தோள் குலுங்கியது. கிளீனராக இருந்த காலத்தில் நான் சாமியாராக இருந்தேன் என்று இங்கே எழுத மாட்டேன். ஆணுறை என்ற பேச்சே அன்று எங்களிடம் இல்லை. கையை நீட்டினேன். முடிவு வரும்வரை வெளியே போட்டிருந்த நீள வாங்கில் உட்கார்ந்திருந்தபோது, ஊரில் உள்ள எல்லாரையும் சந்தேகப்பட்ட நான் என்னை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை என்பது தெரிந்தது. எனக்குத் தொற்று இல்லை என்றார்கள்.

லொறியில் ஏறியதும், "நாளைக்குப் பல்லேபொலவுக்கு ஏழு மணிக்குப் போகணும்," என்றேன்.

"சரி மொதலாளி."

"நான் ரத்தம் குடுத்ததை வீட்டுல சொல்லிறாத."

"என் கதை?"

"என் வாயிலருந்து வராது."

வரவும் இல்லை. ஆனால் ஆறு சாக்கு ஏன் பாழானது என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். பதில் இல்லாததால், எனக்கு மறதி வந்துவிட்டது என்று சொந்தக்காரர்களிடம் சொன்னாள். அது டவுனுக்குள் பரவியது. அலுவிகாரைக்காரன் கூட என்னிடம் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசத் தொடங்கினான். மிளகைக் கடித்துத் தரம் சொல்லும் எனக்கு! மூன்று வருடம் அதைப் பொறுத்தேன்.

போன மாதம் டிரைவர் தானாகவே என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். இதை எழுதச் சம்மதமும் அவன் கொடுத்ததுதான். ஆள் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். மனைவி அவனுக்குச் சோறு போட்டுவிட்டு என்னிடம் வந்து நின்றாள்.

"அப்ப ஒங்களுக்கு மறதி இல்ல. வெறும் மடத்தனம்தான்."

நான் ரத்தம் கொடுத்த கதையையும் சொல்லிவிட்டானா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அவனைக் கேட்டால், "நான் சொல்லல மொதலாளி," என்கிறான். அந்த விஷயத்தில் மட்டும் அவனை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை.