நான் அழுத்திய சிரித்த முகம்

மலேசியாவில், கிள்ளானில் இருக்கிறோம். நரம்புகளைத் தாக்கும் எம்.எஸ். நோயால் என் மனைவிக்கு விரல்கள் மரத்துவிட்டன, கூடவே மனச்சோர்வு. டாக்டர் கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார். அவளுடைய அன்றைய மனநிலைக்கேற்ப அழும் முகம், சிரிக்கும் முகம் இரண்டில் ஒன்றைத் தினமும் தொட வேண்டும். ஷா ஆலம் தொழிற்சாலைக்குக் கிளம்பும் அவசரத்தில், அவளைக் கேட்காமலே நான் சிரித்த முகத்தை அழுத்திவிடுவேன்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் பதிவைப் பார்த்தார். "நல்லா இம்ப்ரூவ் ஆயிருக்கு லா. மருந்தக் குறைச்சிரலாம்."

"நான் எப்ப டாக்டர் சிரிச்சேன்?" என்றாள் அவள். "செத்துரலாம்னுதான் தினம் தோணுது."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மருந்து கூடியது. இப்போது வேலைக்குத் தாமதமானாலும் அவளிடம் கேட்கிறேன். தினமும் அழும் முகத்தைத்தான் காட்டுகிறாள். அதையே அழுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன்.