சத்தம் போடாத பைப்

லண்டன் சட்டனில் நித்தியானந்தன் வீட்டுக் கராஜுக்குக் கதவு கிடையாது. போன மார்கழியில் அவரே கழற்றி எறிந்தார். ஏன் என்று கேட்டால் "காத்து வரட்டும்" என்பார், அவ்வளவுதான். மற்றபடி வாய் ஓயாத மனிதர்.

முப்பது வருடமாகக் கார்களுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் புகைக்குழாய் மாற்றியவர். "எஞ்சின் விடுற மூச்சை ஒரு பெட்டி சுத்தப்படுத்தும், மற்றப் பெட்டி சத்தத்தை விழுங்கும், மிச்சம் பின்னால போயிடும். நான் பூட்டின பைப் எண்டால் ஒரு பொட்டுப் புகை உள்ளுக்க வராது!" இதை அவர் கல்யாண வீட்டில் சொல்வார், செத்த வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறார். மனைவி ஜெகதீஸ்வரிக்கு அது மனப்பாடம்.

ஆனால் லண்டன் வந்த புதிதில் இதே மனிதர் வாங்கிய முதல் காருக்கு ஓட்டைப் பைப். அப்பப்பா, என்ன சத்தம்! தெருமுனையில் திரும்பும்போதே வீட்டு யன்னல் அதிரும். ஜெகதீஸ்வரி உடனே கேத்தில் சுவிட்சைத் தட்டிவிடுவாள். அவர் சப்பாத்தைக் கழற்றி நிமிர, தேத்தண்ணீர் கைக்கு வந்துவிடும். மகள் தனுஷியா "அப்பா வாறார்!" என்று படிகளில் தடதடவென்று இறங்குவாள். அது ஒரு காலம்.

அந்தத் தனுஷியா போன மார்கழியில் லண்டனின் மறுபக்கம், ரெய்னர்ஸ் லேனில் வீடு வாங்கினாள். குடிபுகச் சனிக்கிழமை மத்தியானம் பால் காய்ச்சல். அந்தப் பயணத்துக்கென்றே நித்தியானந்தன் தன் காருக்குப் புதுப் பைப் பூட்டினார். எஞ்சின் ஓடுகிறதா என்றுகூடத் தெரியாது, அவ்வளவு அமைதி.

சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். நித்தியானந்தன் முகம் வழித்து முடிக்கவே, ஒன்பதாக ஐந்து நிமிடம்தான் இருந்தது.

"இஞ்சாருங்கோ, ஒன்பதுக்கு முதல் படியிறங்கினால் வெளிக்கிட்ட மாதிரித்தான். ராகுவில ரோட்டில ஓடவும் கூடாது, பத்தரை ஆகுமட்டும் கராஜுக்குள்ள காரில இருப்பம்" என்றாள் ஜெகதீஸ்வரி.

"ராகுவுக்கே சுத்துமாத்தோ? உனக்கு விசர்!"

"திரும்ப உள்ளுக்க போகக்கூடாது. சொல்லிப்போட்டன்."

பால் பானையை மடியில் வைத்துக்கொண்டு அவள் காரில் ஏறிவிட்டாள். அவருக்குத் தேத்தண்ணீர் இல்லாமல் ஏலாது, வீட்டுக்குள் போனார். அவளுக்குக் குளிர். இறங்கி, அன்று இன்னும் இருந்த கராஜ் கதவை இழுத்து மூடிவிட்டு, ஹீட்டருக்காகக் காரில் இருந்த திறப்பைத் திருப்பி எஞ்சினை ஓடவிட்டாள்.

பைப் எவ்வளவு திறமாக இருந்தால் என்ன, அதன் வாய் மூடிய கராஜுக்குள்தானே இருந்தது. குளிர்ந்த எஞ்சின் வேறு. சூடேறும்வரை அந்தச் சுத்தப்படுத்தும் பெட்டி சரியாக வேலை செய்யாது. புகையோடு வரும் நச்சு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நித்திரை வருகிற மாதிரித்தான் இருக்கும். இதெல்லாம் நித்தியானந்தனுக்குத் தெரியும். ஆனால் முப்பது வருடமும் வீட்டில் அவர் சொன்னது பெருமையை மட்டும்தான்.

அடுக்களைக்கும் கராஜுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் ஆற அமரப் பத்திரிகை புரட்டி, கேத்திலைக் கொதிக்கவிட்டு, இரண்டு கோப்பையோடு வெளியே வந்தார். காதில் ஒன்றும் விழவில்லை. கதவு மூடியிருந்தது. முழங்கையால் தள்ளியபோதுதான் கதவுத் தகரம் எஞ்சின் ஓட்டத்தில் மெல்ல நடுங்குவதை உணர்ந்தார். கோப்பைகள் சிதறின. "ஐயோ, ஜெகதி!"

அவளை வெளியே இழுத்துப் போட்டு, மழையில் முழந்தாளிட்டு, அம்புலன்ஸ் வரும்வரை பேர் சொல்லிக் கத்தினார்.

ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் முகமூடிக்குள் அவள் கண் திறந்தபோது மத்தியானமாகிவிட்டது.

"பத்தரை ஆயிட்டுதோ?" என்றாள் முதலில். பிறகு அவர் கையைப் பிடித்தாள். "நீங்கள் பூட்டின பைப்தானே, புகை வராது எண்டு நம்பி இருந்திட்டனப்பா."

நித்தியானந்தன் அன்று மனைவிக்கு முன்னால் வாய்விட்டு அழுதார்.

"அந்த ஓட்டைப் பைப் எண்டால் எனக்குக் கேட்டிருக்குமெடி" என்றார்.