செஞ்சி பிரஸ்ஸில் எனக்கு எழுதிக் காட்டியவை

அச்சுக்கோக்கும் வேலைக்கு இரண்டு கண்ணும் பத்து விரலும் நோகாத முதுகும் இருந்தால் போதும். காது இந்தத் தொழிலில் பென்சில் சொருகிக்கொள்ளும் இடம், அவ்வளவுதான்.

எனக்கு ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போயிற்று. பிறகு வெளியூரில் காது கேளாதோர் பள்ளியில் படித்து, அங்கேயே கம்பாசிட்டர் வேலையும் பழகி, அறுபதுகளின் தொடக்கத்தில் செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு பிரஸ்ஸில் சேர்ந்தேன். பிரஸ்ஸில் வெட்டி மிஞ்சிய காகிதத் துண்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. என்னிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் ஒரு துண்டை உருவி எழுதி நீட்டுவார்கள். நான் எதையும் தூக்கிப் போட்டதில்லை. ஆகவே பிறர் சொன்னதாக இங்கே மேற்கோள் குறிக்குள் வருவதெல்லாம் அவரவர் கைப்பட எழுதியது. காது கேட்கிறவர்கள் எழுதும் நினைவுக் குறிப்புகளுக்கு இந்த உத்தரவாதம் கிடையாது.

என்னைப் போல் காது கேளாதவர்கள் இதைப் படித்தால், நமக்கும் இப்படி நடந்ததே என்று நடுநடுவே தலையில் அடித்துக்கொள்வீர்கள். கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு கூடவே வாருங்கள். நாங்கள் உங்களோடு அப்படித்தான் வந்துகொண்டிருக்கிறோம்.

சோதனை

முதலாளி அப்பாண்டை நயினார் முன்கோபக்காரர், ஆனால் நியாயஸ்தர். பள்ளிக்கூடம் கொடுத்த கடிதத்தை நீட்டினேன். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் காதைப் பார்த்தார். மிஷின்மேன் பெருமாள் உடனே வந்து என் காதுக்குள் வாயை வைத்து என்னமோ கத்தினார். அவர் வெற்றிலை போட்டிருக்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

நயினார் ஒரு தெருக்கூத்து நோட்டீசின் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து, கோக்கச் சொல்லி ஜாடை காட்டினார். கோத்து, சரிபார்க்க ஒரு புரூப் எடுத்து, இரண்டு இடத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டுக் கொடுத்தேன். எழுதியவர் சனிக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமையின் தேதியைப் போட்டிருந்தார். அதோடு, ஒரே கூத்து வாத்தியாரை ஒரே ராத்திரியில் வல்லத்திலும் பனமலையிலும் ஆட விட்டிருந்தார். நயினார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். பிறகு எழுதினார்: "நாளைலேர்ந்து வா. காது கேக்கறவன் நாலு பேரை வெச்சிப் பாத்துட்டேன். பேசியே பொழுத ஓட்டிட்டானுங்க."

பெரிய எழுத்து

வாடிக்கையாளர்களில் மூன்று வகை உண்டு. கத்துகிறவர்கள் ஒரு வகை. என்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம், இவன் சோறு தின்பானா என்று கேட்கிறவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகைக்குக் காது போனால் கண்ணும் பாதி போயிருக்கும் என்று எண்ணம். வல்லத்திலிருந்து மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த பெரியவர் மூன்றாவது வகை. ஒவ்வொரு எழுத்தையும் எலுமிச்சம்பழம் அளவுக்கு எழுதினார். பெண்ணின் பெயருக்கு ஒரு தாள், தம் பெயருக்கு ஒரு தாள். மாப்பிள்ளை ஊருக்கு வருவதற்குள் மேஜை நிறைந்துவிட்டது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தேன். ஐயா, கண் நன்றாக இருக்கிறது, சின்னதாகவே எழுதுங்கள் என்றேன். ஏழு வயதுவரை பேசிய பேச்சு என்னிடம் மிச்சம் இருக்கிறது. பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும் என்பார் பெருமாள். பெரியவர் ஒரு அடி பின்னால் போய்விட்டார். அப்புறம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பொடி எழுத்தில் எழுதினார்: "நீதான் பேசுறியே! அப்பறம் இன்னாத்துக்கு என்னைக் காலைலேர்ந்து எழுத வெச்ச?"

அஞ்சலையின் பேச்சு

அஞ்சலை பைண்டிங் வேலைக்கு வந்தது நான் சேர்ந்த மூன்றாம் வருஷம். தாள் மடிப்பது, பில் புத்தகம் தைப்பது அவர் வேலை. வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பிறவியிலேயே காது கேளாது, பேச்சு கிடையாது, பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. புருஷன் பாம்பு கடித்துப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் பங்காக விட்டுப்போன ஒரு ஏக்கர் கடலைக் கொல்லைதான் அஞ்சலைக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே பிடிப்பு.

நான் படித்தவன் அல்லவா, பள்ளி விடுதியில் பழகிய சைகைகளைப் பெருமையாக அவர் முன்னால் எடுத்துவிட்டேன். கொசு விரட்டுகிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவருக்கென்று ஒரு கைப்பேச்சு இருந்தது. அதைப் பேசத் தெரிந்தவர் அவர் புருஷன் ஒருவர்தான். அந்த மனிதரும் போனபின் இரண்டு வருஷமாக அஞ்சலை யாரோடும் பேசவில்லை. அதை அறிந்ததும் என் சைகைகளை மூட்டை கட்டிவிட்டு அவருடையதைப் பழகத் தொடங்கினேன். ஒரு மாதத்தில் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பேச்சு உண்டாயிற்று. முக்கால்வாசி அவருடையதுதான், என்னுடையதைவிட அது நன்றாக இருந்தது. மூக்குக்கண்ணாடியை ஏற்றினால் நயினார். உதட்டைக் குவித்தால் நான், கோக்கும்போது அப்படிச் செய்வேனாம். அம்மன்போல் நாக்கைத் துருத்திவிட்டு, பஸ்ஸில் தொங்குகிற மாதிரி கையைத் தூக்கினால் மேல்மலையனூர்.

ஒருநாள் அஞ்சலை என்னிடம் நீளமாக ஒன்று சொன்னார். நான் அதை அப்படியே எழுதி நயினாரிடம் கொடுத்தேன். அஞ்சலையின் தூக்குப் பாத்திரத்தில் இருந்த புளிச்சோற்றில் பாதியை நேற்றும் இன்றும் பெருமாள் தின்றுவிட்டார், நேற்று மூடியைக்கூடச் சரியாகப் போடவில்லை என்பது புகார். பெருமாள் வசமாக மாட்டிக்கொண்டார். அன்று சாயங்காலம் என்னிடம் ஒரு துண்டை நீட்டினார்: "சும்மா கை ஆட்டறீங்கன்னு நெனச்சேன். இதுல கோள் மூட்டவே முடியுதே!"

அமாவாசை அவசரம்

மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசை வருகிறதென்றால் பிரஸ்ஸில் மூச்சுவிட நேரம் இருக்காது. குங்குமப் பொட்டல உறை, ஸ்பெஷல் பஸ் நோட்டீஸ், வளையல் கடை விளம்பரம் எல்லாம் ஒரே நாளில் வேண்டும். காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் மிஷின் இரண்டும், பெருமாளிடம் ஒன்றும் கூலி ஆளிடம் ஒன்றுமாக, சேர்ந்து ஓடின. அஞ்சலை மடிக்க எடுத்த தாளில் ஒரு மூலை அச்சு விழவே இல்லை. அதைக் கவனித்த நயினார் கல்லாவிலிருந்து கத்தியிருக்கிறார். மிஷின் சத்தத்தில் பெருமாளுக்கு ஒன்றும் கேட்கவில்லை, மிதித்துக்கொண்டே இருந்தார்.

அஞ்சலை எழுந்து கையை ஓங்கி ஆட்டினார். பெருமாள் திரும்பியதும் நிறுத்து, இந்த மூலை, மை இல்லை என்று மூன்றே சைகை காட்டினார். மிஷின் நின்றது. கோள் மூட்டிய நாளிலிருந்து பெருமாள் எங்கள் பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டிருந்தார், எதிர்க்கட்சி என்ன பேசுகிறது என்று தெரிய வேண்டாமா! மூலையைச் சரிசெய்துவிட்டு, சாக்பீஸை எடுத்துச் சுவரில் எழுதினார்: "ரெண்டு மிஷினும் ஓடும்போது இந்தப் பிரஸ்ல நாங்கதான் செவிடு."

ஊதா விரல்

பிரஸ்காரர்கள் கையெல்லாம் கறுப்பாக இருக்கும். ஒரு திங்கட்கிழமை அஞ்சலையின் இடது கட்டை விரல் ஊதாவாக இருந்தது. ஊதா மை எங்களிடம் கிடையாது, அது ஸ்டாம்பு பேடு மை. என்ன விஷயம் என்று கேட்டேன். சந்தோஷமாகச் சொன்னார். கொழுந்தன் வீட்டுக்கு ஒரு பத்திரம் கொண்டுவந்தானாம், சாட்சிக்கு இரண்டு பேர் வந்தார்களாம். கொல்லையைக் காட்டி, பத்திரத்தைக் காட்டி, அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினானாம். நிலம் அவர் பேருக்கு மாறுகிறது என்று கைநாட்டு வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை ரிஜிஸ்தர் ஆபீஸுக்குப் போக வேண்டும், அதிகாரி எதைக் கேட்டாலும் தலையாட்ட வேண்டும் என்று பழக்கியும் வைத்திருந்தான்.

எனக்கு மனசு சரியில்லை. இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காத கொழுந்தனுக்கு இப்போது என்ன அக்கறை? பத்திரம் எழுதுகிறவர் ஒருவர் எங்களிடம்தான் தம் படிவங்களை அடிப்பார். மறுநாள் வந்தவரிடம் விவரத்தை எழுதிக் கேட்டேன். அந்தப் பத்திரத்தை எழுதியது அவரேதான். சாதாரணமாகப் பதில் எழுதினார்: "விடுதலைப் பத்திரம்பா அது. அந்தம்மா தன் பங்கைக் கொழுந்தனுக்கு விட்டுக்குடுக்குது. ஏன், அதுக்குத் தெரியாதா?"

நாற்காலி

அஞ்சலையிடம் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த பில் புத்தகத்தில் ஊசியைக் குத்தி ஓரமாக வைத்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை நீ வருவாயா? நயினாரிடம் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். அவர் வெள்ளிக்கிழமை பிரஸ்ஸைப் பூட்டிவிட்டு, பெருமாளையும் சேர்த்து எங்கள் எல்லாரையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஆபீஸில் கொழுந்தன் முந்திக்கொண்டான். அவன் சொல்வதை எல்லாம் பெருமாள் எனக்கு எழுதிக்கொண்டே வந்தார், இது மட்டும் பேச்சு அவனுடையது, கை பெருமாளுடையது: "ஐயா, அது ஊமைங்க. அதுக்கு ஒண்ணும் தெரியாது. நான் கேட்டா தலையாட்டும், அது போதும்." நான் ஒரு தாளை அதிகாரி முன் வைத்தேன். நீங்கள் எழுதிக் கேளுங்கள், நான் சைகையில் கேட்கிறேன், அவர் பதிலை எழுதித் தருகிறேன் என்று அதில் இருந்தது. அதிகாரி அதே தாளில் எழுதினார்: "நீர் சரியாகச் சொல்கிறீர் என்று நான் எப்படி நம்புவது?" நியாயமான கேள்வி. சோதித்துப் பாருங்கள் என்றேன்.

அவர் யோசித்து, யாருக்கும் காட்டாமல் எழுதி என்னிடம் நீட்டினார்: "ஜன்னலோர நாற்காலியைக் கதவைப் பார்த்துப் போட்டு, அதில் பியூனை உட்கார வைக்கச் சொல்லும்." சொன்னேன். அஞ்சலை என்னை முறைத்தார். அதிகாரி நிற்க வைக்கிற ஆளை அதிகாரி முன்னாலேயே உட்கார வைத்தால் அவனுக்கு வேலை போகாதா என்று கேட்டார். அதையும் எழுதிக் கொடுத்தேன். அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், போகாது என்று எழுதினார். அஞ்சலை நாற்காலியைத் தூக்கிப் போட்டு, மாட்டவே மாட்டேன் என்று நெளிந்த பியூனைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார்.

அப்புறம்தான் உண்மையான கேள்வி. உங்கள் பங்கைக் கொழுந்தனுக்கு விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுத்தீர்களா? கொழுந்தன் பக்கத்தில் நின்று தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினான். அஞ்சலை அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக அதிகாரியைப் பார்த்து, இரண்டு கையாலும் பேசினார். களை எடுத்தது நான். கடலை ஆய்ந்தது நான். என் பேருக்கு மாற்றுவதாகக் காட்டிக் கைநாட்டு வாங்கினான். நான் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். அப்படியே எழுதி அதிகாரியிடம் நீட்டினேன். வாழ்க்கையில் எத்தனையோ பக்கம் கோத்திருக்கிறேன், அந்த நாலு வரியைப்போல் எதற்கும் பெருமைப்பட்டதில்லை. அதிகாரி படித்தார், கொழுந்தனிடம் என்னமோ சொன்னார், அவன் முகம் செத்துப்போயிற்று. பிறகு எனக்கு எழுதினார்: "எழுதிக் கொடுத்ததை அவர் மறுக்கிறார். பத்திரத்தைப் பதிவு செய்ய முடியாது. கொழுந்தனுக்கு வாயால் சொல்லிவிட்டேன், அம்மாளுக்கு நீர் சொல்லும்."

இரண்டு சீட்டுகள்

அடுத்த வருஷம் அதே பியூன் ஒரு சீட்டோடு பிரஸ்ஸுக்கு வந்தார். ஆபீஸுக்கு ஓர் ஊமை ஆள் வந்திருக்கிறான், கம்பாசிட்டரை அனுப்பவும் என்று இருந்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு மிடுக்காகப் போனேன். பனமலைப் பக்கத்து ஆடு மேய்க்கிறவர், பள்ளிக்கூடம் பார்க்காதவர். அவர் கைப்பேச்சில் ஒன்றுகூட எனக்கு விளங்கவில்லை. திரும்பி ஓடி அஞ்சலையை அழைத்துவந்தேன். அவர் அரை மணி நேரம் அந்த ஆளோடு உட்கார்ந்தார், அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. ஆடு மேய்க்கிறவர் அஞ்சலையிடம் சொல்ல, அஞ்சலை என்னிடம் சொல்ல, நான் எழுத, அதிகாரி படித்தார். ஓர் அறையில் மூன்று காது கேளாதவர்கள் சேர்ந்து ஒரு பத்திரத்தை முடித்தோம்.

அதற்குப் பிறகு மூன்று நான்கு முறை போயிருப்போம். நான் பிரஸ்ஸில் சேர்ந்த ஏழாம் வருஷம் பியூன் இன்னொரு சீட்டு கொண்டுவந்தார். அன்று அஞ்சலை லீவில், தம் கொல்லையில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார். பியூன் வல்லம் பஸ்ஸைப் பிடித்து, வரப்பில் நடந்து போய், அவரைக் கையோடு கூட்டிவர வேண்டியதாயிற்று. அந்தச் சீட்டைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன்: "காது கேளாத ஒருவர் வந்திருக்கிறார். அஞ்சலை அம்மாளை அனுப்பி வைக்கவும். எழுதுவதற்குக் கம்பாசிட்டரும் கூட வரலாம்."

நாங்கள் இரண்டு பேர் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டதை ஊர் கற்றுக்கொள்ள நாலு வருஷம் ஆயிற்று. ஆனாலும் புரிந்துகொள்வதில் மந்தம் என்று இன்றைக்கும் எங்களைத்தான் சொல்கிறார்கள்.