வாப்பாவின் ஜீப்பும் உம்மாவின் வீடும்

சூறாவளி அடித்துப் போன அடுத்த வருசம், ரேடியோவில் காற்று என்று ஒரு சொல் வந்தாலே வாப்பா வயலுக்குப் போய்வர வைத்திருந்த பழைய ஜீப்பை ஆயத்தப்படுத்தத் தொடங்கிவிடுவார். விழுந்த மரத்தை வெட்டக் கோடாலி, சேற்றில் புதைந்தால் இழுக்க வடம், சில்லுக்கு அடியில் போட இரண்டு பலகை, ஒரு கேன் டீசல், எல்லாம் ஏற்றுவார். கடலுக்கு முதுகு காட்டி, மேற்கே பார்த்து நிறுத்துவார்.

தப்பிப் போவதற்கு ஒருநாள் ஒத்திகையும் வைத்தார். “எல்லாரும் ஏறுங்க!”

பிள்ளைகள் ஐந்து பேரும் முண்டியடித்து ஏறினோம். முன்சீட்டை எங்கள் மூத்தவர், காக்கா, பிடித்துக்கொண்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. உம்மா மட்டும் அசையாமல் மீன் வெட்டிக்கொண்டிருந்தா.

“என்ன, நீ வரல்லியா?”

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் அங்கே குடிவருவார். உம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

“இது என்ட ஊடு. நான் ஏன் போகணும்? வந்த ஆள் நீங்கதானே, நீங்க போங்க.”

வாப்பா எஞ்சினை நிறுத்தினார். பிறகு இறங்கி, ஜீப்பிலிருந்த வடத்தை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக் கூரையை இறுக்கிக் கட்டத் தொடங்கினார்.