‘விடிய விடுங்கோ’ என்று சொன்னவர்

நான் பேசாமல் இருந்தது போதும். மார்க்கண்டு அண்ணை உயிரோடு இருந்தவரை, அவர் கேட்டுக்கொண்டதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். சென்ற வாரம் அவரைத் தகனம் செய்துவிட்டு வந்தோம். இனி அந்த வாக்கு என்னைக் கட்டாது.

செய்தி மின்னஞ்சலில் வந்தது. மெல்பர்னின் வடக்கே கிரெய்கிபர்னிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் கைப்பேசியைத் திறந்தேன். நம் தோட்டக் குழுவின் தலைவர் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்: நம் மூத்த உறுப்பினர் மார்க்கண்டேயன் அவர்கள் மாரடைப்பால் காலமானார். யாரோ எனக்குத் தெரியாத மார்க்கண்டேயன் என்று நினைத்துக் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டேன். பிறகு சந்தேகம் தட்டி எடுத்து, கீழே இருந்த வீட்டு முகவரியைப் பார்த்தபோதுதான் அது அண்ணை என்று தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் மார்க்கண்டு என்பதே முழுப் பெயர். தலைவர் அதைத் திருத்தியிருந்தார். அதற்குக் கீழே நீங்கள் ஒவ்வொருவராக ‘ஆழ்ந்த இரங்கல்’ எழுதியிருந்தீர்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்துப் போட்டிருந்தீர்கள், தவறான பெயரோடு சேர்த்து.

அவர் எனக்கு அறிமுகமானது ஸ்பிரிங்வேலில் ஒரு கடையில்தான். பெட்டியில் அடைத்து வைத்திருந்த ஜின்செங் வேர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், எதற்காக வாங்குகிறேன் என்று கேட்டது. ரத்த அழுத்தத்துக்கு என்றேன். “பிறசருக்கோ? நல்லது. இதைச் சாப்பிட்டிட்டு என்னட்ட குளிசை வாங்கவும் வாரும்” என்றார். மருத்துவமனை ஒன்றில் மருந்தாளராக இருந்தார். நோயாளிகள் மருந்தோடு மருந்தாக இந்த வேரையும் தின்றுவிட்டு வந்து நிற்பதைப் பார்த்து எரிச்சலடைந்து, இது என்னதான் செடி என்று தெரிந்துகொள்ள வளர்க்கத் தொடங்கியவர். மெல்பர்னுக்குக் கிழக்கே மலைச்சரிவில், உயர்ந்த யூக்கலிப்டஸ் மரங்களின் நிழலில் அவர் வீடு. இரங்கல்களில் எழுதியிருப்பதுபோல அவர் ‘எளிமையும் பணிவும் உருவானவர்’ அல்ல. தனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். அதை மறைக்க மாட்டார்.

நம் குழுவை அவர் தன் பாத்திக்கு அழைத்துக் காட்டிய நாளில் உங்களில் பலர் வந்திருந்தீர்கள். நிழல்வலைக்குக் கீழே, வைக்கோல் மூடாக்குக்கு நடுவே செடிகள் முழங்காலுக்கும் கீழாக நின்றன. ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு ஒரு பழைய தேநீர்க் கெட்டிலால் தண்டைச் சுற்றி மண்ணில் மட்டும் தண்ணீர் ஊற்றினார். “இலை குளிக்க வேண்டியதில்லை” என்றார். ஈரம் உட்கார்ந்த இலையில்தான் பூஞ்சை முளைக்கும், வெயில் ஏற ஏற மேல்மண் காய்ந்துவிட வேண்டும், செடிக்குச் செடி காற்று புகுந்து போக வேண்டும் என்று விளக்கினார். மழை பெய்தால் இலை நனையாதா என்று யாரோ கெட்டிக்காரத்தனமாகக் கேட்டார்கள். “மழைக்கு நான் சொல்லேலாது. உமக்குச் சொல்லலாம்” என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். கேட்டவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்தான் பிறகு தலைவரானார்.

அந்தத் தலைவரின் வீட்டுப் பின்புறத்தில் நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு பொது ஜின்செங் பாத்தி போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். நல்ல சரிவு, நல்ல மண், பெரிய இடம். அதில் எனக்குக் குறை இல்லை. செடிகள் மூன்றாவது கோடையைத் தொட்டிருந்தன. பல வருடம் நம்மை வாட்டிய தண்ணீர்க் கட்டுப்பாடு தளர்ந்த சமயம். தலைவர் புதிதாக ஸ்பிரிங்ளர் பொருத்தியிருந்தார். அப்போது சில இலைகளில் பழுப்புப் புள்ளிகள் தென்பட்டன. சிகரெட்டால் சுட்டதுபோல நடுவில் கருகி, சுற்றிலும் மஞ்சள் வளையம். தலைவர் மார்க்கண்டு அண்ணைக்குத் தொலைபேசினார். பக்கத்தில் நின்ற தலைவரின் மனைவியும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார். புள்ளி விழுந்த இலைகளைக் காம்போடு வெட்டிப் பையில் கட்டி எறியச் சொன்னார் அண்ணை. தண்ணீர் எப்படி விடுவது என்று கேட்டதற்கும் பதில் சொன்னார். அதன் பிறகு அந்த ஸ்பிரிங்ளர் ஒவ்வோர் இரவும் விடியும்வரை ஓடியது. இரண்டு வாரத்துக்குள் பாத்தி முழுவதும் வெந்நீர் ஊற்றியதுபோலச் சாய்ந்துவிட்டது.

அடுத்து நடந்த கூட்டத்தைப் பற்றி இன்றுவரை யாரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். இரவு முழுக்கத் தண்ணீர் விடச் சொன்னது மார்க்கண்டுதான் என்று தலைவர் எழுந்து சொன்னார். “நான் அப்பிடிச் சொல்லேல்லை” என்றார் அண்ணை. “நானும் கேட்டேனே, பக்கத்துலதானே நின்னேன்” என்றார் தலைவரின் மனைவி. சபையில் ஒரு முணுமுணுப்பு. நோயே அவர் காலணியில் ஒட்டிய மண்ணோடு வந்து இறங்கியதுதான் என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். அது யார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இலை குளிக்கக் கூடாது என்று உங்களுக்கெல்லாம் செய்து காட்டிய மனிதர் இரவெல்லாம் தெளிக்கச் சொல்வாரா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் கேட்டேன். உட்காரச் சொன்னார்கள்.

இலை போனாலும் வேர் மண்ணுக்குள் உறங்கும், நல்ல வேரைத் தோண்டாதீர்கள், அடுத்த வசந்தத்தில் தளிர்க்கும் என்று அண்ணை சொல்லிப் பார்த்தார். யார் கேட்பது? அவர்மேல் உங்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. அந்த வார இறுதியிலேயே பாத்தியைக் கிளறி எறிந்தீர்கள்.

கூட்டம் முடிந்து அவரை என் காரில் கூட்டிப்போனேன். தொலைபேசியில் என்ன சொன்னீர்கள், சொன்னபடியே சொல்லுங்கள் என்று கேட்டேன்.

“தண்ணி விடிய விடுங்கோ எண்டனான். விடிய விட்டாக் காணும் எண்டனான். வேற என்னத்தைச் சொல்லுறது?”

காரை ஓரமாக நிறுத்தினேன். நான் தஞ்சாவூர்க்காரன்.

“அண்ணை, எங்க பக்கம் அப்படிச் சொன்னா, விடியிற வரைக்கும் விடுங்கன்னுதான் எடுத்துப்பாங்க.”

“விடிய எண்டால் காலமை.”

“உங்களுக்கு.”

லாரிகள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். “அப்ப அந்தாள் பொய் சொல்லேல்லை” என்றார். அவர் குரலில் இருந்தது ஆறுதல் என்றே நினைக்கிறேன். உடனே திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம் என்றேன். மறுத்துவிட்டார்.

“நான் சொன்னால் சாட்டுச் சொல்லுறன் எண்டுவினம். நீர் அவருக்கு மட்டும் போய்ச் சொல்லும். கூட்டத்தில அவரே சொல்லட்டும். அவர் சொல்லுமட்டும் நீர் ஒருத்தரிட்டையும் கதையாதையும்.”

தலைவர் சொல்லும்வரை யாரிடமும் பேசுவதில்லை என்று சம்மதித்தேன். அதுதான் அந்த வாக்கு.

தலைவரை ஸ்பிரிங்வேலில் மளிகைக் கடையின் கார் நிறுத்தத்தில் பிடித்தேன். அரிசி மூட்டையைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மூட்டையை இறக்கி வைத்தார். பிறகு சிரித்தார். “அட, அவங்க பாஷைல அப்படியா சார்?” என்றார். அடுத்த கூட்டத்தில் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அடுத்த கூட்டத்தில் பொங்கல் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார். மறுபடி போய்க் கேட்டேன். “இப்ப அதைக் கிளறினா என்னைத்தான் கேலி பண்ணுவாங்க சார். பட்டிமன்றத்துல நடுவரா உக்கார்ற ஆளுக்குத் தமிழ் புரியலைம்பாங்க. அவரு பெரிய மனுஷர், இதையெல்லாம் கண்டுக்க மாட்டாரு.”

அவர் கண்டுகொண்டார். எவ்வளவு கண்டுகொண்டார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் எறிந்த குவியலில் கெட்டியாக இருந்த சில வேர்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து, என் வீட்டுக் கொட்டகையின் நிழல் விழும் தெற்குப் பக்கத்தில், தெர்மோகோல் பெட்டிகளில் நட்டிருந்தேன். கிரெய்கிபர்ன் வெயிலுக்கு அவை தாங்குமா என்று எனக்கே சந்தேகம். வசந்தம் வந்தது. வளைந்த கழுத்தோடு தளிர்கள் வைக்கோலைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தன. அண்ணையை அழைத்துக் காட்டினேன். குனிந்து, ஓர் இலையைப் புறங்கையால் நிமிர்த்தி அடிப்பக்கம் பார்த்தார். “பழுதில்லை” என்றார். அதற்கு மேல் யாரையும் அவர் பாராட்டி நான் கேட்டதில்லை. தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பும்போது கார்க் கதவைப் பிடித்தபடி கேட்டார்: “உவர் ஏதும் சொன்னவரோ?”

தலைவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

அதன் பிறகு எப்போது சந்தித்தாலும் அதே கேள்வி. என் வீட்டில் கேட்டார், கோயிலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார், மருத்துவமனையில் மூக்கில் குழாயோடு கேட்டார். ஒவ்வொரு முறையும் நான் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடட்டுமா என்பேன். ஒவ்வொரு முறையும் கையை உயர்த்தி நிறுத்துவார். பிறர் வாயால் வந்தால் அது அவருக்குப் போதாது. குழுவிலோ அவரை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. அவர் செடிகளைப் பற்றி எழுதித் தந்த குறிப்பு ஆண்டு மலரில் வரவில்லை. என் கட்டுரையையும்தான் பாதியாக வெட்டி, அந்த இடத்தில் வீட்டுத் தரகர் ஒருவரின் விளம்பரத்தைப் போட்டார்கள். அதை நான் மறக்கவில்லை, மறந்ததாகக் காட்டிக்கொள்ளவும் போவதில்லை.

இறுதிச் சடங்கில் தலைவர் பேசினார். நல்ல தமிழ், நல்ல குரல். ஏற்ற இறக்கத்தோடு பேசிவிட்டு, “அவர் சொன்ன ஒரு யோசனையால் நாம் ஒரு பயிரையே இழந்தோம். இருந்தாலும் அவரை நாம் யாரும் வெறுக்கவில்லை” என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள். முன்வரிசையில் அண்ணையின் மகள் உட்கார்ந்திருந்தாள். இங்கேயே வளர்ந்த பெண். வெளியே வந்ததும் என்னிடம் வந்தாள். “அங்கிள், அப்பா என்ன பிழை விட்டவர்?” என்று கேட்டாள். சுற்றிலும் நீங்கள் எல்லோரும் நின்றீர்கள். பிறகு சொல்கிறேன் அம்மா என்று மட்டும் சொன்னேன்.

இதுதான் அதற்குப் பதில். உன் அப்பா பிழை விடவில்லை. காலையில் தண்ணீர் விடச் சொன்னார். அதுதான் சரி. அவர் பேசிய தமிழும் சரிதான். கேட்டவருக்கு அது வேறாகப் புரிந்தது. அதுவும் குற்றமில்லை. பிழை என்று தெரிந்த பிறகும், எத்தனையோ கூட்டங்களில் ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லாமல் இருந்தது குற்றம். உன் அப்பா அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை அந்தப் பெட்டிகளும், எதையும் ஊற்றுவதற்கு முன் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்க்கும் பழக்கமும், ஒரு சொல்லும். இப்போது நான் காலை என்று சொல்வதில்லை, விடிய என்கிறேன். என் மனைவி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

குழுவின் இரங்கல் பக்கத்தில் இடுவதற்காக இதன் கீழே என் பெயரை எழுதினேன். எழுதிவிட்டு மேலிருந்து படித்தபோது எல்லாமே மாறிப்போயிருந்தது. கட்டுரை வெட்டப்பட்டவன் தலைவரைத் திட்டுகிறான் என்றுதான் படிப்பீர்கள். என்னைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் அவரை மறந்துவிடுவீர்கள். எனக்கும் தலைவருக்கும் உள்ள பகை பொய்யல்ல, அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தப் பெண் படிக்கும்போது இதில் அவள் அப்பா மட்டும் இருக்க வேண்டும். யார் எழுதியது என்று நீங்கள் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதற்காக நான் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. பெயரை அழித்துவிட்டேன். இப்படியே இடுகிறேன்.