ஏ பிரிவும் சி பிரிவும்

நனைந்த துணியின் வாடையடிக்கும் ஏசிக்குக் கீழே, கரும்பலகைக்கு வெகு தொலைவில் இருந்தது என் இருக்கை. தொண்ணூறுகளில் துபாய் புறநகர்ப் பள்ளியொன்றின் நான்காம் வகுப்பு சி பிரிவு அது. எல்லா நாட்டுக்கும் மதத்துக்கும் பொது என்று சொல்லிக்கொண்ட தனியார் பள்ளி. அம்மா நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியின் ஊழியர் பிள்ளைகளுக்குச் சில இடங்கள் ஒதுக்கியிருந்ததால்தான், அல் கூஸ் பட்டறை வெல்டரின் மகளான நான் உள்ளே நுழைய முடிந்தது.

ஒருநாள் அரங்கில் ஏ பிரிவையும் எங்கள் சி பிரிவையும் அருகருகே உட்கார வைத்தபோது, ஏ பிரிவில் பொன்னிறத் தலைகளும் எங்கள் வரிசையில் கறுப்புத் தலைகளுமாக இருந்ததைக் கண்டு, வீட்டில் வேடிக்கையாகச் சொன்னேன். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஏட்டி, எல்லாருக்கும் ஒரே பாடம்னா எதுக்குத் தனித்தனி கிளாஸு?"

அப்பாவுக்குப் பயம். "இருக்கது அடுத்தவன் ஊரு. விசா குடுத்த கஃபீல் காதுக்குப் போச்சுன்னா கலாஸ், எல்லாம் முடிஞ்சிரும்" என்றார்.

அதன்பின் நான் எதையும் நம்பவில்லை. நூலகத்துக்கு அவர்கள் முதலில் போவது, எங்கள் டீச்சர் மட்டும் அடிக்கடி மாறுவது எல்லாமே எனக்குச் சாட்சிகளாயின. அம்மா ஒரு காலையில் ட்யூட்டி முடிந்து, யூனிஃபார்மோடே தலைமையாசிரியையின் அறைக்கு என்னை அழைத்துப்போனாள். பிரிப்பது வாசிப்புத் திறனை வைத்துத்தான், நாட்டை வைத்தல்ல என்று அந்த அம்மையார் சிரித்தபடி சொன்னார். அப்படியானால் என் மகளை இப்போதே வாசிக்கச் சொல்லுங்கள் என்றாள் அம்மா. வாசித்தேன். இன்னும் கடினமான பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தார், அதையும் வாசித்தேன். மறுவாரம் ஏ பிரிவுக்கு மாற்றினார்கள்.

பையை எடுக்கப் போனபோது, பக்கத்து இருக்கை நஸீமா என்னை ஏறிட்டாள். கராச்சிக்காரி, டிரைவரின் மகள். "உங்கம்மா அவங்களுக்கு என்ன குடுத்தாங்க?" என்று உருதுவில் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை; அதன்பின் என்னோடு பேசவுமில்லை.

ஏ பிரிவில் யார் சிரித்தாலும் காரணம் தேடினேன். அந்த ஆண்டு பள்ளியின் விளம்பரப் புத்தகத்தில் எங்கள் ஏ பிரிவின் படம் வந்தது. அம்மா அதை வெகுநேரம் பார்த்திருந்தாள்.

"உன்னையல்லா நடுவுல நிறுத்தியிருக்காவ" என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இல்லை.

இன்று அந்தப் பள்ளி இல்லை. சுற்றியிருந்த மணல்வெளியும் தாழ்ந்த வில்லாக்களும் போய், கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. பிள்ளைகளை எதை வைத்துப் பிரித்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். கடினமான சொற்களை எழுத்துக்கூட்டி எனக்குக் கற்றுக்கொடுத்தவளே நஸீமாதான். அவளுக்காகக் கேட்க தலைமையாசிரியையின் அறைக்கு யாரும் வரவில்லை. என்னைவிட அவள் நன்றாக வாசிப்பாள் என்ற ஒரு வாக்கியம், அங்கே நான் வாசித்துக் காட்டிய அன்று என் நாக்கு நுனிவரை வந்தது. ஏ பிரிவில் இடம் ஒன்றுதான் இருக்குமோ என்ற சந்தேகத்தில் அதை விழுங்கிவிட்டேன்.