குதிரையின் வயதைப் பதிய வந்தவர்

எங்கள் கோயில் வாகனசாலைப் பூட்டின் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. பழைய பொருட்களைச் சோதித்துக் கம்ப்யூட்டரில் பதிகிற பெண் ஒருவர் சாவகச்சேரி பஸ்ஸில் வந்திறங்கினார். தடித்த கண்ணாடி, கையில் தலைமயிர் காயவைக்கும் மெஷின் போல ஒன்று. எதைச் சொன்னாலும், "ஆர் சொன்னது? எப்பிடித் தெரியும்?" என்று கேட்டுவிட்டுத்தான் பதிவார். தேத்தண்ணிக்குச் சீனி போட்டாயிற்று என்று சொல்லவே எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் மரக்குதிரைக்கு முந்நூறு வயது என்று திருவிழா நோட்டீஸில் அடித்தாயிற்று. அதுவே கம்ப்யூட்டரிலும் ஏறவேண்டும் என்று கோயில் தலைவர் ஒற்றைக்காலில் நின்றார். அந்தப் பெண் குதிரையில் பிடித்துப் பார்த்த மெஷினோ, மரத்தோடு ஒட்டிய அடிப் பெயின்றே இந்தக் காலத்தது என்றது.

"மெஷின் சொன்னதை அழி, பிள்ளை."

"அழிக்கேலாது ஐயா. இதில வயதை மட்டும் தனியப் போட இடமில்லை. ஆர் சொன்னது, எப்பிடிக் கண்டதெண்டும் சேர்த்துத்தான் போடலாம். மெஷின் பெயின்றைப் பார்த்துச் சொன்னது ஒண்டு. உங்கடை அப்பு சொல்லக் கேட்டு நீங்கள் சொன்னது ஒண்டு. ரெண்டும் கிடக்கும்."

"அப்ப எது சரி?"

"அதை நான் எழுதேல்லை."

தலைவர் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார்.

"என்ரை பேரை வடிவாப் போடு."

வேட்டைத் திருவிழாவன்று, "முந்நூறு வருடக் குதிரை, கம்ப்யூட்டரிலேயே பதிவாகியிருக்கிறது" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். பொய்யென்று சொல்ல முடியாது. அந்தப் பெண்ணும் வந்திருந்தார். சுவாமியைச் சுமந்து குதிரை ஆடிவந்தபோது, தலைக்குமேல் கைகூப்பிக் கண்மூடிக் கும்பிட்டார். கும்பிட்டது தலைவரின் குதிரையையா, மெஷினின் குதிரையையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.